வழக்கறிஞர் கதை எழுதலாமா? ஆடலாமா?

சட்டத் தொழிலில் இருந்துகொண்டே புனைகதை எழுதவும் நடனம் பயிலவும் விரும்புகிறவர்களிடமிருந்து அண்மைக் காலமாகத் தொடர்ந்து கடிதங்கள் வருகின்றன. அவற்றுள் பலருக்கும் பொதுவான ஐயங்களை எழுப்பும் சிலவற்றுக்கு இந்த இதழில் பதில் எழுதியிருக்கிறேன். எழுதியவர்களின் விருப்பப்படி பெயர்களைத் தவிர்த்து ஊர்களை மட்டும் குறிப்பிட்டிருக்கிறேன்.

கேள்வி: ஆறு ஆண்டுகளாக வழக்கறிஞராக இருக்கிறேன். பள்ளிக் காலத்தில் விட்டுப்போன பரதநாட்டியத்தை மீண்டும் தொடங்கியிருக்கிறேன், சிறுகதைகளும் எழுதுகிறேன். "ஆற்றில் ஒரு கால், சேற்றில் ஒரு கால் வைத்தால் எதிலும் உருப்பட முடியாது" என்கிறார் என் சீனியர். தொழிலை விட்டுவிட்டுக் கலைக்கு வருவதா, கலையை விட்டுவிடுவதா? – மயிலாடுதுறை வாசகி

இரண்டில் ஒன்றை விட்டே தீர வேண்டும் என்று நீங்களாகவே முடிவு செய்துகொண்டு கேட்கிறீர்கள். அப்படி ஒரு கட்டாயம் இருப்பதாக நான் நினைக்கவில்லை. அதற்குச் சான்று உங்கள் ஊரிலேயே இருக்கிறது.

மாயூரம் வேதநாயகம் பிள்ளை உங்கள் ஊரில் முன்சீப்பாக, அதாவது கீழமை உரிமையியல் நீதிபதியாக, இருந்தவர். தமிழின் முதல் நாவலான 'பிரதாப முதலியார் சரித்திரம்' 1879இல் அவர் பெயரில்தான் வெளிவந்தது. அதற்குப் பதினேழு ஆண்டுகளுக்கு முன்பே, 1862இல், அவர் இன்னொரு நூலை வெளியிட்டிருந்தார். அக்காலத்து மேல்முறையீட்டு நீதிமன்றமான சதர் நீதிமன்றத்தின் தீர்ப்புகளைத் தமிழில் தொகுத்துத் தந்த 'சித்தாந்த சங்கிரகம்' அது. தீர்ப்பு எந்த மொழியில் எழுதப்பட்டதோ அந்த மொழி தெரியாத மக்களுக்கு, அந்தத் தீர்ப்பு தங்கள் நிலத்தையும் வீட்டையும் என்ன செய்தது என்று புரிய வேண்டும் என்பதற்காக உழைத்த அதே கைதான் பின்னால் நாவலையும் எழுதியது. தமிழில் உரைநடை நூல்கள் போதிய அளவில் இல்லை என்ற குறையைப் போக்கவே நாவலை எழுதியதாக அவர் முன்னுரையில் சொல்கிறார். அந்தக் குறையை அவர் நூலகத்தில் உட்கார்ந்து உணர்ந்திருப்பார் என்று எனக்குத் தோன்றவில்லை. வாதியும் பிரதிவாதியும் திகைத்து நின்ற நீதிமன்றக் கூடத்தில்தான் உணர்ந்திருக்க வேண்டும் என்பது என் எண்ணம். அவரே கீர்த்தனைகளும் இயற்றினார். அவருடைய 'சர்வ சமய சமரசக் கீர்த்தனைகள்' இன்றும் பாடப்படுகின்றன.

இந்த வரிசை அவரோடு நிற்கவில்லை. சுகுண விலாச சபையை 1891இல் தொடங்கி, படித்தவர்களையும் உத்தியோகத்தில் இருந்தவர்களையும் நாடக மேடைக்கு அழைத்து வந்த பம்மல் சம்பந்த முதலியார், வழக்கறிஞராகத் தொழில் செய்து பின்னர் நீதிபதியாகவும் இருந்தவர். 'மணிக்கொடி' இதழின் எழுத்தாளர்களில் ஒருவரான ந. பிச்சமூர்த்தி கும்பகோணத்தில் வழக்கறிஞராக இருந்தார். 'குளத்தங்கரை அரசமரம்' எழுதிய வ.வே.சு. ஐயர் லண்டனில் பாரிஸ்டர் படிப்பு படித்தவர். பெண் என்பதால் உங்களுக்கு இன்னொரு பெயரையும் சொல்ல விரும்புகிறேன். ஆக்ஸ்போர்டில் சட்டம் பயின்ற முதல் பெண்ணான கார்னீலியா சொராப்ஜி, பெண்கள் வழக்கறிஞராகப் பதிவு செய்துகொள்ள இந்தியச் சட்டம் 1923இல் இடம் கொடுப்பதற்கு இருபது ஆண்டுகளுக்கு முன்பே, திரைக்குப் பின்னால் வாழ்ந்த பெண்களைப் பற்றிய கதைகளை நூலாக வெளியிட்டுவிட்டார். அங்கி அணிய அனுமதி கிடைக்கும் முன்பே அவர் கதாசிரியர்.

ஆகவே தொழிலை விடாதீர்கள். மாத வருமானத்துக்காக எழுத வேண்டிய நெருக்கடி வந்தால், முதலில் கெட்டுப்போவது எழுத்துதான். ஆனால் உங்கள் சீனியரின் கவலையில் ஒரு நியாயம் இருப்பதையும் மறுக்க மாட்டேன். வக்காலத்தில் கையெழுத்துப் போட்டுக் கொடுத்த கட்சிக்காரர் தன் வாழ்க்கையின் ஒரு பகுதியை உங்களிடம் ஒப்படைத்திருக்கிறார். குறுக்கு விசாரணை இருக்கும் நாளன்று நடன வகுப்பு இரண்டாம் இடத்துக்குத்தான் போக வேண்டும். இந்த ஒழுங்கை நீங்கள் கடைப்பிடிப்பதைக் கண்ணால் பார்த்தால், அவரே பழமொழியை நிறுத்திவிடுவார்.

கேள்வி: குற்றவியல் வழக்குகள் நடத்துகிறேன். என்னிடம் வந்த வழக்குகளே பெரும் கதைகளாக இருக்கின்றன. பெயரையும் ஊரையும் மாற்றிவிட்டு எழுதினால் போதாதா? – திருநெல்வேலி வாசகர்

போதாது. இதை அழுத்தமாகவே சொல்கிறேன்.

கட்சிக்காரர் வழக்கறிஞரிடம் தொழில்முறையில் சொன்னவற்றை, அவருடைய வெளிப்படையான ஒப்புதல் இல்லாமல் எப்போதும் வெளியிடக் கூடாது என்பது பழைய இந்தியச் சாட்சியச் சட்டத்தின் 126ஆம் பிரிவு. 2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் இருக்கும் பாரதிய சாக்ஷிய அதிநியமத்தில் அது 132ஆம் பிரிவாகத் தொடர்கிறது. வழக்கு முடிந்த பிறகும், நீங்கள் அந்த வழக்கிலிருந்து விலகிய பிறகும் இந்தக் கடமை நீடிக்கும் என்று சட்டமே விளக்கம் தருகிறது. குற்றம் செய்வதற்காகவே நாடப்பட்ட ஆலோசனை போன்ற சில விதிவிலக்குகள் உண்டு. கதை எழுதுவது அவற்றுள் ஒன்றல்ல. வழக்கறிஞர் தொழிலை ஒழுங்குபடுத்தும் இந்திய பார் கவுன்சிலின் விதிகளோ, இந்தக் கடமையை 'நேரடியாகவோ மறைமுகமாகவோ' மீறக் கூடாது என்கின்றன. பெயர் மாற்றி எழுதுவது அந்த 'மறைமுகமாக' என்பதற்குள் வந்துவிட இடமிருக்கிறது. பாலியல் குற்றங்களில் பாதிக்கப்பட்டவரை அடையாளம் காட்டுவது இந்திய தண்டனைச் சட்டத்துக்குப் பதிலாக வந்த பாரதிய நியாய சன்ஹிதாவின் 72ஆம் பிரிவின்படி தனிக் குற்றம். குழந்தைகள் தொடர்பான போக்சோ சட்டம், பெயரோடு நிற்காமல் முகவரி, குடும்பம், பள்ளி, அக்கம்பக்கம் என எதை வைத்தும் அந்தக் குழந்தையை அறிந்துகொள்ள வழி செய்யக் கூடாது என்கிறது.

சட்டம் ஒருபுறம் இருக்கட்டும். ஒரு சிற்றூரில் நடந்த சம்பவத்தைப் பெயர் மாற்றி எழுதினால், வெளியூர் வாசகருக்கு அது கதை. அந்த ஊர்க்காரர்களுக்கு அது அப்பட்டமான செய்தி. உங்கள் அறையில் அழுத ஒரு பெண், அந்த அழுகையை ஓர் இதழில் படித்துத் தெரிந்துகொள்வதைப் போன்ற துரோகம் வேறில்லை.

அப்படியானால் தொழிலிலிருந்து எதைத்தான் எடுப்பது? சம்பவத்தை விட்டுவிட்டு, அந்தச் சம்பவத்தில் உங்களை உறுத்திய நிலைமையை எடுங்கள். தம்பிக்கு எதிராகச் சாட்சி சொல்ல வேண்டிய அண்ணன் என்பது ஒரு நிலைமை. அது எந்தக் கட்சிக்காரருக்கும் சொந்தமில்லை. அதற்குப் பொருந்தும் மனிதர்களை, தொழிலை, நிலத்தை, காலத்தை நீங்களே படைக்க வேண்டும். ஒரு வழக்கில் கண்டது ஒரு குணத்துக்கும், சந்தையில் கேட்டது பேச்சுக்கும், சொந்த வீட்டில் அறிந்தது பயத்துக்கும் ஆகட்டும். எழுதி முடித்த பின், பழைய கட்சிக்காரர் எவராவது இதைப் படித்துத் தன்னையே பார்ப்பாரா என்று கேளுங்கள். பார்ப்பார் என்றால் அந்தக் கதை இன்னும் உங்களுடையதாக ஆகவில்லை. இந்தக் கட்டுப்பாட்டினால் எழுத்து குன்றிவிடும் என்று அஞ்ச வேண்டாம். நடந்ததை அப்படியே சொல்லும் வசதி பறிபோகும்போதுதான் கற்பனை வேலை செய்யத் தொடங்குகிறது.

கேள்வி: எழுத்துக்கு ஊதியமும் நடனத்துக்குச் சன்மானமும் வாங்குவதை பார் கவுன்சில் விதிகள் தடுக்கின்றனவா? – சேலம் வாசகி

வழக்கறிஞர் தாமே முன்னின்று வியாபாரம் நடத்தக் கூடாது, முழுநேரச் சம்பள ஊழியராகவும் இருக்கக் கூடாது என்பவை பொதுத் தடைகள். ஆனால் பத்திரிகை எழுத்து, ஒலிபரப்பு, சொற்பொழிவு, சட்டம் சார்ந்த மற்றும் சாராத பாடங்களைக் கற்பித்தல் ஆகியவற்றுக்கு விதிகள் வெளிப்படையாகவே இடம் தருகின்றன. விளம்பரம் தேடக் கூடாது என்ற விதிக்கு அவையும் கட்டுப்பட்டவை. எனவே கதைக்கு ஊதியம் பெறலாம். மாலையில் சிலருக்கு நடனம் கற்பிப்பதும் இந்த அனுமதிக்குள் அடங்கும் என்றே கருதுகிறேன். ஆனால் ஆள் வைத்து, கிளைகள் திறந்து, நடனப் பள்ளியை ஒரு நிறுவனமாக நடத்துவது வேறு. அந்த நிலை வந்தால் மாநில பார் கவுன்சிலுக்கு எழுத்து மூலம் விண்ணப்பித்துத் தெளிவு பெறுங்கள். மருத்துவராகத் தொழில் செய்துகொண்டே வழக்கறிஞராகவும் பதிவு செய்துகொள்ள விரும்பிய ஒருவருக்கு 1996இல் உச்ச நீதிமன்றம் அனுமதி மறுத்தது என்பதை நினைவில் வையுங்கள். முழு ஈடுபாட்டைக் கோரும் தொழில் இது என்பதே அந்தத் தீர்ப்பின் அடிப்படை. நூலின் பின்னட்டையில் நீங்கள் நடத்திய வழக்குகளையும் வென்ற தீர்ப்புகளையும் பட்டியலிடுவதையும் தவிர்த்துவிடுங்கள்.

கேள்வி: என் சிறுகதைகளைத் திருப்பி அனுப்பிய ஓர் ஆசிரியர், "இவை பிராது போல இருக்கின்றன" என்று குறிப்பெழுதியிருந்தார். மனு எழுதிப் பழகிய கையை எப்படி மாற்றுவது? – மதுரை வாசகர்

அந்த ஆசிரியர் உங்களுக்கு நன்மை செய்திருக்கிறார். அவர் சொன்ன குறையின் வேர் உங்கள் வாக்கியங்களில் மட்டும் இல்லை. எதைச் சொல்வது, எதை விடுவது என்று தொழில் உங்களுக்குக் கற்றுத்தந்த தேர்வு முறையில் இருக்கிறது.

ஒரு காட்சியைக் கற்பனை செய்துகொள்ளுங்கள். கொலை வழக்கு, சாட்சிக் கூண்டில் ஒரு மூதாட்டி. அன்று இரவு அவனைப் பார்த்தாயா என்று அரசு வழக்கறிஞர் கேட்கிறார். அவள் முந்தானையை இழுத்து இடுப்பில் செருகுகிறாள். எதிர்க் கூண்டில் நிற்பவன் தன் தங்கை மகன். பிறந்தபோது முதலில் கையில் வாங்கியவள் இவள்தான். அவனைப் பார்க்காமல், நீதிபதியையும் பார்க்காமல், கூண்டின் மரச் சட்டத்தைப் பார்த்துக்கொண்டே, "பாத்தேன்யா" என்கிறாள். வாக்குமூலத்தில் இது எப்படிப் பதிவாகும்? 'சம்பவத்தன்று இரவு எதிரியை நான் பார்த்தேன்.' பிறகு குறுக்கு விசாரணை. கேள்விகள் எல்லாம் உதிர்ந்துபோய், 'முன்விரோதம் காரணமாக நான் பொய் சாட்சி சொல்கிறேன் என்றால் சரியல்ல' என்று ஒரே வரி மிஞ்சும். சட்டத்துக்குத் தேவையானது அந்தத் தாளில் முழுமையாக இருக்கிறது. முந்தானையும் மரச் சட்டமும் அதில் இல்லை. சாட்சி நடந்துகொண்ட விதம் குறித்து நீதிபதி தம் குறிப்பைப் பதிவு செய்யலாம் என்று சட்டமே இடம் தருகிறது. ஆனால் குவிந்து கிடக்கும் வழக்குகளுக்கு நடுவே அந்த இடம் பெரும்பாலும் காலியாகவே கிடக்கிறது. உங்கள் கதை தொடங்க வேண்டிய இடம் அந்தக் காலியிடம்தான்.

நாட்டியம் பயில்கிறவர்களுக்கு இதை விளக்குவது எளிது. அபிநயத்துக்குரிய பாடலான பதம் ஒன்றில் 'அவன் இன்னும் வரவில்லை' என்ற பொருளுடைய ஓர் அடியைப் பாடகர் திரும்பத் திரும்பப் பாடுவார். ஆடுகிறவர் முதல் முறை வாசலைப் பார்ப்பார். அடுத்து, விளக்கில் எண்ணெய் குறைவதைப் பார்ப்பார். அடுத்து, தொடுத்த பூ வாடியிருப்பதை எடுத்துத் தோழியிடம் காட்டிவிட்டு, அவள் இரக்கப்படுவது பொறுக்காமல் முகத்தைத் திருப்பிக்கொள்வார். சொல் மாறவே இல்லை. மனம் மட்டும் நகர்ந்துகொண்டே இருக்கிறது. இதைத்தான் சஞ்சாரி என்கிறோம். பிராதில் ஒரு செய்தியைப் பத்தி எண் போட்டு ஒருமுறை சொன்னால் போதும், மறுபடி சொன்னால் குற்றம். கதையிலும் அபிநயத்திலும் அதே செய்தியின் மேல் நின்று நிதானித்துப் பார்க்க வேண்டும். கதை எழுதும் வழக்கறிஞர்கள் ஓராண்டாவது அபிநயம் கற்றால் நல்லது என்று நான் ஓயாமல் சொல்லி வருவதற்கு இதுவே காரணம்.

இன்னொரு பழக்கமும் இருக்கிறது. மனுவில் நம் தரப்புக்குச் சாதகமானதை மட்டும் எழுதுகிறோம். ஆனால் அந்த மனுவைத் தயாரிக்கும்போது, எதிர்த்தரப்பு என்ன சொல்லும் என்பதை நம்மைவிட நன்றாக யோசித்தவர் யாரும் இருக்க முடியாது. திறமையான வழக்கறிஞர் எதிராளியின் வழக்கைத்தான் முதலில் தயார் செய்வார். அந்த இரகசியக் குறிப்புகளை மேசைக்கு மேலே கொண்டுவாருங்கள். உங்கள் கதையில் வரும் கொடுமைக்கார மாமியாருக்கு, அவளுடைய வழக்கறிஞராக இருந்தால் என்ன சொல்லி வாதாடுவீர்களோ, அந்த வாதத்தை முழு மனத்தோடு கொடுங்கள். பிறகு யார் சொன்னது சரி என்று பைசல் செய்யாமல் கதையை முடியுங்கள். இது கடினம் என்று தெரியும். தீர்ப்பு வராத வழக்கு நமக்கு உறுத்திக்கொண்டே இருக்கும். அந்த உறுத்தல் வாசகரிடம் போய்ச் சேரட்டும்.

பயிற்சி ஒன்று சொல்கிறேன். பழைய, வெளியிடப்பட்ட உயர் நீதிமன்றத் தீர்ப்பு ஒன்றை எடுங்கள். நீங்கள் நடத்திய வழக்காக அது இருக்கக் கூடாது. அதில் இரண்டே வரியில் வந்துபோகும் ஒரு சாட்சியை மட்டும் எடுத்துக்கொண்டு, அவர் நீதிமன்றத்துக்குப் புறப்பட்ட காலையை எழுதுங்கள். வழக்கைப் பற்றி ஒரு சொல்லும் வரக் கூடாது.

கேள்வி: நாற்பதைத் தொடப்போகிறேன். நாளெல்லாம் நாற்காலியில் உட்கார்ந்து இருக்கும் தொழில். இனி முதல் அடவிலிருந்து தொடங்குவது நடக்கக் கூடிய காரியமா? – ஈரோடு வாசகி

நடக்கும், எதை எதிர்பார்க்கிறீர்கள் என்பதைப் பொறுத்தது. இந்தக் கேள்விக்கு எல்லோரும் ருக்மிணி தேவியை எடுத்துக்காட்டுவார்கள். 1904இல் பிறந்த அவர் 1930களின் தொடக்கத்தில், பரதநாட்டியத்தின் முந்தைய வடிவமான சதிரைப் பார்த்து ஈர்க்கப்பட்டு, மயிலாப்பூர் கௌரி அம்மாளிடமும் பந்தநல்லூர் மீனாட்சிசுந்தரம் பிள்ளையிடமும் பயின்று, 1935இன் இறுதியில் அடையாற்றில் மேடையேறினார். அப்போது வயது முப்பத்தொன்று. ஆனால் அதற்கு முன்பே அவர் பாலே பயின்று உடலைப் பழக்கியிருந்தார் என்பதைச் சேர்த்தே சொல்ல வேண்டும். நாற்காலியிலிருந்து எழுந்து வருகிற உடல் அந்த வேகத்துக்கு வராது; வர வேண்டிய அவசியமும் இல்லை.

முதலில் மருத்துவரிடம் முழங்காலையும் இடுப்பையும் காட்டிவிடுங்கள். முழங்கால்களை மடக்கிப் பாதி உட்காரும் நிலையான அரைமண்டியில் தொடை இடுப்பு மூட்டிலிருந்தே வெளிப்பக்கமாகத் திரும்ப வேண்டும். முழங்காலும் கால்விரல்களும் ஒரே திசையில் இருக்க வேண்டும். ஆழமாக உட்கார வேண்டும் என்ற ஆசையில் பாதத்தை மட்டும் திருப்பினால் பாரம் முழுவதும் முழங்காலில் இறங்கும். ஆழம் குறைவான, ஒழுங்கான அரைமண்டியே உங்களுக்குப் போதும். சிமெண்டுத் தரையில் வெறுங்காலால் தட்டிப் பழகாதீர்கள். அடிப்படை அடவுகளான தட்டடவையும் நாட்டடவையும் மெதுவான முதல் காலத்தில் நிறுத்தி நிதானமாகச் செய்யுங்கள். மூன்றாம் காலத்துக்கு ஓட வேண்டாம். வயது வந்தவர்களுக்குப் பொறுமையாகச் சொல்லித்தரும் ஆசிரியரைத் தேடுங்கள். ஓராண்டுக்குள் அரங்கேற்றம் என்று வாக்குக் கொடுப்பவரிடம் சேராதீர்கள்.

உங்கள் வயதில் ஒரு பெரிய வசதி இருக்கிறது. பன்னிரண்டு வயதுச் சிறுமி அபிநயத்தில் பொறாமையையும் ஏமாற்றத்தையும் ஆசிரியர் முகத்தைப் பார்த்துப் படியெடுக்கிறாள். குடும்ப நீதிமன்ற வராந்தாவில் இத்தனை ஆண்டுகள் நின்ற நீங்கள் அப்படிப் படியெடுக்க வேண்டியதில்லை.

கேள்வி: கல்லிடைக்குறிச்சியில் பிறந்த இ. கிருஷ்ணய்யர், வழக்கறிஞராக இருந்துகொண்டே பெண் வேடமிட்டு ஆடிப் பரதநாட்டியத்தைக் காப்பாற்றியவர் என்று எங்கள் பக்கத்தில் பெருமையாகச் சொல்வோம். அண்மையில் ஒரு கருத்தரங்கில் அவரைக் கடுமையாக விமர்சித்தார்கள். தங்கள் கருத்து என்ன? – அம்பாசமுத்திரம் வாசகர்

பெருமைப்படுவதற்கும் விமர்சிப்பதற்கும் காரணங்கள் இருக்கின்றன. ஒன்றைச் சொல்லி மற்றதை மறைப்பது நியாயமாகாது.

1897இல் பிறந்த கிருஷ்ணய்யர் சென்னை உயர் நீதிமன்றத்தில் வழக்கறிஞர். விடுதலைப் போராட்டத்தில் சிறை சென்றவர். பாரதியின் பாடல்களை மேடைகளில் பாடிப் பரப்பியவர். சுகுண விலாச சபை நாடகங்களில் பெண் வேடம் ஏற்றதுதான் அவரை நடனத்துக்கு இழுத்து வந்தது. பிறகு பாகவத மேள மரபில் வந்த மேலட்டூர் நடேச ஐயரிடம் முறையாகப் பயின்றார். அன்று சதிர் என்றாலே முகம் சுளித்த படித்த வர்க்கத்தின் முன்னால், ஒரு வழக்கறிஞர் தானே பெண் உடையில் நின்று ஆடிக் காட்டினார். அதற்கு எவ்வளவு துணிவு வேண்டியிருந்திருக்கும் என்பதை, இன்றைக்கும் பார் அறையில் நடனம் பயில்வதைச் சொல்லத் தயங்கும் இளைஞர்கள் அறிவார்கள். சென்னை மியூசிக் அகாதெமியில் 1931 மார்ச்சில் பந்தநல்லூர் மரபைச் சேர்ந்த கல்யாணியின் மகள்கள் ஆடியதற்கு அவர் முயற்சி முக்கியக் காரணம். 1932இன் இறுதியில், தேவதாசி முறையை ஒழிக்கப் போராடிய டாக்டர் முத்துலட்சுமி ரெட்டிக்கும் அவருக்கும் பத்திரிகைகளில் கடிதப் போர் நடந்தது. பெண்களைக் கோயிலுக்கு நேர்ந்துவிடும் பொட்டுக்கட்டும் வழக்கம் வேறு, கலை வேறு. முன்னதை ஒழிக்கப் பின்னதைக் கொல்ல வேண்டியதில்லை என்பது அவர் வாதம். அது அசல் வழக்கறிஞரின் வாதம், வலுவானதும்கூட.

ஆனால் அந்த வழக்கில் மிகவும் பாதிக்கப்படக் கூடியவர்களின் குரல் உரிய முறையில் கேட்கப்பட்டதா? பெங்களூர் நாகரத்தினம்மாள் தலைமையில் தேவதாசிப் பெண்கள் அரசுக்கு விண்ணப்பம் கொடுத்தார்கள். அவர்கள் சொன்னது எடுபடவில்லை. 1947இல் பொட்டுக்கட்டுதலைத் தடை செய்யும் சட்டம் வந்தது. கலை பிழைத்தது, அதைத் தலைமுறை தலைமுறையாகக் காத்துவந்த குடும்பங்களின் பெண்களில் பெரும்பாலோருக்கு மேடை இல்லாமல் போயிற்று. அவர்களிலிருந்து எழுந்து உலகப் புகழ் பெற்ற பாலசரஸ்வதி ஒரு விதிவிலக்கு. சிருங்காரத்தைக் குறைத்துக் கலையைத் 'தூய்மைப்படுத்த' வேண்டும் என்ற எண்ணத்தை அவர் கடைசிவரை ஏற்கவில்லை. தரப்பினராகச் சேர்க்க வேண்டியவரைச் சேர்க்காமல் பெற்ற தீர்ப்பில் குறை இருக்கும் என்பது எந்த ஜூனியருக்கும் தெரிந்த பாடம்.

தேவதாசிச் சமூகத்துக்குள்ளும் ஒற்றைக் குரல்தான் இருந்ததாக எண்ணிவிடக் கூடாது. அதே சமூகப் பின்னணியிலிருந்து வந்த மூவலூர் இராமாமிர்தம் அம்மையார் தேவதாசி முறை ஒழிய வேண்டும் என்று ஊர் ஊராகப் போராடினார். 1936இல் 'தாசிகள் மோசவலை அல்லது மதி பெற்ற மைனர்' என்ற நாவலையும் எழுதினார். சட்டசபையில் ஒருவர், பத்திரிகையில் ஒருவர், மேடையில் ஒருவர், நாவலில் ஒருவர் என்று ஒரே பிரச்சினையைப் பேசிய காலம் அது. கிருஷ்ணய்யரை நான் மதிக்கிறேன். அவர் பேச்சோடு நாகரத்தினம்மாளின் விண்ணப்பத்தையும் சேர்த்துப் படிக்க வேண்டும் என்றும் கேட்டுக்கொள்கிறேன். சட்டமும் நடனமும் எழுத்தும் சந்திக்கும் அந்தக் காலத்தைப் பற்றி நல்ல நாவல் எழுத இன்னும் நிறைய இடமிருக்கிறது. உங்கள் ஊர்க்காரர் எவராவது எழுதினால் மிகவும் மகிழ்வேன்.

கேள்வி: எழுதுவதற்கு நேரம் எங்கே இருக்கிறது? – கடலூர் வாசகர்

கோடை விடுமுறை வரட்டும் என்று காத்திருப்பவர்கள் விடுமுறையிலும் எழுதுவதில்லை. வழக்கு அழைக்கப்படுவதற்காகக் காத்திருக்கும் நேரத்தில் குறிப்பெடுங்கள். காலையில் கேஸ் கட்டைப் பிரிப்பதற்கு முன் எழுதுங்கள். கட்சிக்காரரைச் சந்தித்த பிறகு எழுத உட்காராதீர்கள். அவர் குரல்தான் தாளில் வரும்.

கேள்வி: நான் எழுதிய ஒரு சிறுகதையை நாட்டியமாக அமைக்க என் ஆசிரியர் விரும்புகிறார். கதாசிரியராக நான் கவனிக்க வேண்டியது என்ன? – தஞ்சாவூர் வாசகி

முழுக் கதையையும் மேடையேற்ற முயலாதீர்கள். முன்கதை, திருப்பம், தேதி, உறவுமுறை ஆகியவற்றையெல்லாம் முத்திரையால் விளக்கத் தொடங்கினால், பார்வையாளர்கள் விடுகதைக்கு விடை தேடுவதுபோல் கையையே பார்த்துக்கொண்டிருப்பார்கள். கதையில் ஒருத்தி முடிவெடுக்கத் தயங்கி நிற்கும் ஓரிடத்தை மட்டும் எடுங்கள். பரதநாட்டியத்தின் நீண்ட உருப்படியான வர்ணத்தின் அமைப்பை அது தாங்கும்.

அடுத்தது சாகித்தியம், அதாவது பாடல் வரிகள். உரைநடையைப் பின்னணியில் படிக்கவிட்டு ஆடுவது எளிய வழி. ஆனால் படிக்கும் குரல் எல்லாவற்றையும் சொல்லிவிடுவதால் அபிநயத்துக்கு வேலை இருக்காது. பல்லவிக்கும் சரணத்துக்குமாகச் சில அடிகள் பாட்டாக எழுதித்தரக் கூடியவரை நாடுங்கள். அவரிடம் கதையைக் கொடுக்காமல், அந்த ஓரிடத்தையும் அவள் யாரிடம் பேசுகிறாள் என்பதையும் மட்டும் சொல்லுங்கள்: தோழியிடமா, தாயிடமா, எதிரில் நிற்பவனிடமா, தன் மனத்திடமா? இந்த ஒன்று தெளிவானால் ராகத்தையும் காலப்பிரமாணத்தையும் பாடகரும், தாளம் போட்டு நடனத்தை நடத்தும் நட்டுவனாரும் முடிவு செய்துகொள்வார்கள்.

ஒத்திகையில் உங்கள் ஆசிரியர் கதையில் இல்லாத ஒரு சஞ்சாரியைச் சேர்த்தால் மறுக்காதீர்கள். அது அந்தப் பாத்திரத்துக்குப் பொருந்துகிறதா என்று மட்டும் பாருங்கள். பொருந்தினால், அடுத்த பதிப்பில் கதையிலும் சேர்த்துக்கொள்ளலாம்.